புளியா, புள்ளியா: பேச்சொலி உணர்தல் சோதனையை அமைக்கும் முறை

'புளி' என்ற சொல்லில் இருக்கும் ளகரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது கேட்பவர் காதில் 'புள்ளி' ஆகிறது? பேச்சொலி உணர்தல் ஆய்வில் பாதிக் கேள்விகள் இந்த அச்சில் வார்த்தவைதான். 1957-இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மன் குழுவினர் ஆங்கிலத்தின் குரலுடைய மூன்று வெடிப்பொலிகளுக்கு (b, d, g: காற்றை அடைத்துத் திறக்கும், குரல்நாண் அதிரும் ஒலிகள்) இடையே 14 செயற்கை ஒலிகளைப் படிப்படியாக அமைத்துக் கேட்கவைத்தார்கள். ஓர் ஒலித்தொடர், அதைக் கேட்டுப் பெயர் சொல்லும் சோதனை, இரண்டு ஒலிகளைப் பிரித்தறியும் சோதனை என்ற அந்த மூன்று உறுப்புகளும் இன்றுவரை மாறவில்லை. அன்று அதற்குத் தனி இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருளும் போதும்.

வேலை இப்படி எளிதாகிவிட்டதில் ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு பொத்தான்களைக் கொடுத்து 'இதுவா அதுவா' என்று கேட்டாலே, ஒலி நீளநீளப் 'புள்ளி' என்ற பதில்களின் விழுக்காடு ஏறுவதைக் காட்டும் அழகான வளைகோடு ஒன்று வந்துவிடும். அது காதின் வேலையா, நாம் ஒலியைத் தயாரித்த விதத்தின் வேலையா, கேள்வி கேட்ட முறையின் வேலையா என்பது வளைகோட்டைப் பார்த்தால் தெரியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றையும் பிரித்து வைப்பதற்காகத்தான்.

சொல் இணை

தமிழில் இந்த வேலையைத் தொடங்குபவர்களுக்கு முதலில் கை போவது குரலுடைய ஒலி, குரலற்ற ஒலி என்ற வேறுபாட்டின் மேல். லிஸ்கரும் ஆபிரம்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், சொல் முதலில் வரும் வெடிப்பொலிகளை அளந்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் அந்த ஆசை நியாயமானதே. ஆனால் சொல் முதலில் வரும் குரலுடைய ஒலிகள் பெரும்பாலும் கடன்சொற்கள் வழியே வந்தவை. ஆளுக்கு ஆள் உச்சரிப்பு மாறும். எழுத்தும் கைகொடுக்காது: பாவ புண்ணியத்தின் 'பாவம்', நடனத்தில் முகம் காட்டும் 'பாவம்' இரண்டையும் திரையில் ஒரே எழுத்தில் காட்டி எதை அழுத்தச் சொல்வது?

'கல்–கால்' போன்ற குறில் நெடில் இணையிலும் ஒரு பொறி இருக்கிறது. நீளத்தோடு உயிரின் ஒலித்தன்மையும் மாறுகிறது. நாக்கு இருக்கும் இடமே வேறு. 'கல்'லை நீட்டினால் 'கால்' கிடைப்பதில்லை, இழுத்துச் சொன்ன 'கல்'தான் கிடைக்கும். 'படி–பட்டி'யில் ஒற்றை டகரம் குரலோடு மெலிந்தும் இரட்டை டகரம் குரலின்றி வலித்தும் வருவதால், நீளம் அங்கே காது பயன்படுத்தும் பல குறிப்புகளில் ஒன்று மட்டுமே.

எனவே மெல்லினம், இடையினம் இரட்டிக்கும் இணைகளை எடுங்கள்: புளி–புள்ளி, கனி–கன்னி, பலி–பல்லி. இவற்றிலும் இரண்டு சொற்களும் கேட்பவருக்கு ஏறக்குறைய ஒரே அளவு பழகியவையாக இருக்கவேண்டும். தெளிவில்லாத ஒலியைக் கேட்பவர் தெரிந்த சொல்லின் பக்கம் சாய்வார் என்பதை 1980-இல் வில்லியம் கேனாங் காட்டினார். சிறு குழந்தைக்குப் 'பல்லி' தெரியும், 'பலி' தெரியாது. அந்த இணையில் கிடைக்கும் எல்லைக்கோடு, அதாவது பதில் ஒரு சொல்லிலிருந்து மற்றதற்கு மாறும் இடம், காதைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்வளத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். புளி–புள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. படம் போட்டும் காட்டலாம் என்பதால் எழுத்தறியாதவர்களுக்கும் இதே சோதனை செல்லும்.

பதிவு

ளகரத்தை லகரமாக்காமல் தெளிவாகச் சொல்லும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றும் அணைந்திருக்கட்டும். ஒலிப்புகா அறை இல்லையென்றால் துணி நிறைந்த சிறிய அறை பரவாயில்லை. காலியான வகுப்பறை வேண்டவே வேண்டாம், எதிரொலி ளகரத்தின் முடிவை மழுங்கடித்துவிடும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, மூச்சுக்காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு. எம்பி3-யாகவோ வாட்ஸ்அப் குரல் செய்தியாகவோ வந்த ஒலியைத் தொடாதீர்கள். சுருக்கும்போது போன தகவல் திரும்பாது. ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தனியாகப் படிக்கச் சொன்னால் பட்டியல் வாசிக்கும் ராகம் வந்துவிடும். 'இப்போது புளி என்று சொன்னேன்' போல ஒரே வாக்கியத்துக்குள் வைத்து, இரண்டு சொற்களையும் கலந்து, ஒவ்வொன்றும் பத்துமுறை வரும்படி எழுதிக் கொடுங்கள். பட்டியலின் முதலிலும் கடைசியிலும் கூடுதலாக ஒரு வாக்கியம் சேர்த்து, அந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

அளவெடுத்தல்

இருபது சொற்களிலும் நான்கு அளவுகள் வேண்டும்: முதல் உகரத்தின் நீளம், ளகரத்தின் நீளம், இறுதி இகரத்தின் நீளம், குரலின் சுருதி. பிராட்டில் ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்பதைக் கருமையால் காட்டும் படம்) 5,000 ஹெர்ட்ஸ் வரையும், சாளர நீளத்தை 0.005 விநாடியாகவும் வைத்துக்கொண்டால், உகரம் முடிந்து நாக்கு மேலே ஒட்டும் கணத்தில் இரண்டாம் ஃபார்மண்ட் பட்டையின் (வாயின் ஒத்ததிர்வால் படத்தில் தோன்றும் கரும்பட்டைகளில் கீழிருந்து இரண்டாவது) கருமை சட்டென்று வெளிறுவது தெரியும். அது தொடக்கம். கருமை மீண்டும் ஏறும் இடம் முடிவு. விதி எதுவாக இருந்தாலும் எழுதிவைத்து இருபதுக்கும் அதையே பின்பற்றுங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்தில் ஒரு பங்கை மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

மெய்க்கு அரை மாத்திரை என்று இலக்கணம் வகுத்துவிட்டது. பதிவில் அது அப்படி ஒழுங்காக நிற்பதில்லை. ஒரே ஆளின் பத்து 'புளி'யிலேயே நல்ல ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த வீச்சைப் பார்த்துத்தான் தொடரின் இரு முனைகளையும் முடிவு செய்யவேண்டும். ஒற்றை ளகரத்தின் சராசரிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, இரட்டையின் சராசரிக்குக் கொஞ்சம் மேலே முடியுங்கள். கீழே வரும் கணக்குகளுக்காக 60 முதல் 180 மில்லி விநாடி வரை, 15 மில்லி விநாடி இடைவெளியில் 9 படிகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பதிவு வேறு எண்களைத் தந்தால் அவற்றையே எடுங்கள்.

ஒலித்தொடர்

சோதனையின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. 'புளி'யை எடுத்து நீட்டுவதா, 'புள்ளி'யை எடுத்துச் சுருக்குவதா? இரண்டும் ஒன்றல்ல. பலர் பேச்சில் ஒற்றை ளகரம் நாக்கு ஒருமுறை தட்டிவிட்டு விலகும் ஒலி. அதை மூன்று மடங்கு நீட்டினாலும் அந்தத் தட்டின் தடம் ஒட்டிக்கொண்டே வரும். இரட்டை ளகரத்தில் நாக்கு மேலே பதிந்து நிற்கிறது. அதைச் சுருக்கினால் அந்தப் பதிவு சுருங்கிய ஒலியிலும் இருக்கும். ஆகவே இரண்டு தொடர்களையும் செய்யுங்கள், இரண்டிலும் ளகரத்தின் நீளங்கள் அதே 9 படிகள். கேட்பவர் நீளத்தை மட்டும் நம்புகிறார் என்றால் இரு தொடர்களிலும் எல்லைக்கோடு ஒரே இடத்தில் விழும். விலகி விழுந்தால், அந்த விலகல்தான் மற்றக் குறிப்புகளின் எடை. ஒரு தொடரை மட்டும் செய்தவருக்கு இந்தத் தகவல் என்றைக்கும் கிடைக்காது.

பிராட்டில் சொல்லின் ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுத்து 'மேனிபுலேஷன்' பொருளாக மாற்றுங்கள். நேர இடைவெளி (டைம் ஸ்டெப்) 0.01 விநாடி. சுருதி எல்லை ஆண் குரலுக்கு 75–300, பெண் குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்பது நல்ல தொடக்கம். எல்லை தவறினால் மென்பொருள் குரலதிர்வை இரட்டிப்பாகவோ பாதியாகவோ எண்ணிக்கொண்டு கரகரப்பைப் புகுத்தும். பிறகு நீள அடுக்கில் (டியூரேஷன் டியர்) நான்கு புள்ளிகள்: ளகரம் தொடங்குவதற்கு 1 மில்லி விநாடி முன்னால் 1 என்ற மதிப்பு, தொடங்கும் இடத்தில் உங்கள் மாற்றுமடங்கு, முடியும் இடத்தில் அதே மடங்கு, முடிந்து 1 மில்லி விநாடி கழித்து மறுபடி 1. மடங்கு என்பது வேண்டிய நீளத்தை இருக்கும் நீளத்தால் வகுத்தது. மூல ளகரம் 160 மில்லி விநாடி, வேண்டியது 120 என்றால் 0.75. ஓரப் புள்ளிகளில் 1 வைக்க மறந்தால் உகரமும் இகரமும் சேர்ந்து நீண்டுவிடும்; இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை அதுதான். கடைசியாக 'ஓவர்லாப்-ஆட்' முறையில் ஒலியை மறுஆக்கம் செய்யுங்கள்.

இந்த முறை குரலதிர்வின் முழுச் சுற்றுகளைத் திரும்பச் சேர்த்தோ நீக்கியோதான் நீளத்தை மாற்றுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஆண் குரலில் ஒரு சுற்று 10 மில்லி விநாடி, 200 ஹெர்ட்ஸ் பெண் குரலில் 5. ஆக, கேட்ட நீளம் அப்படியே கிடைத்துவிட்டது என்று நம்பாமல் 18 கோப்புகளையும் மறுபடி அளந்து, அளந்த எண்ணையே பகுப்பாய்வில் இடுங்கள். மூல நீளத்திலேயே இருக்கும் படியையும் மடங்கு 1 கொடுத்து மறுஆக்கம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் அது ஒன்று மட்டும் பளிச்சென்று கேட்கும்.

ஒலி அளவை எங்கே சமப்படுத்துவது என்பதில் பலர் வழுக்குகிறார்கள். தொடரை முடித்தபின் ஒவ்வொரு கோப்பையும் 70 டெசிபெல்லுக்குச் சமப்படுத்தினால், உயிரைவிட மெலிந்த ளகரம் நீண்ட கோப்புகளில் சராசரியை இழுத்துக் கீழே கொண்டுவரும், ஈடுகட்ட உயிர்கள் உரத்துவிடும். நீளத்தோடு உரப்பும் ஏறும் தொடர் ஒன்று உங்களுக்குத் தெரியாமலே உருவாகியிருக்கும். மூலச் சொற்கள் இரண்டையும் முதலிலேயே சமப்படுத்துங்கள், அதற்குப் பிறகு அளவில் கைவைக்காதீர்கள்.

உகரம், இகரம், சுருதி மூன்றையும் இரு மூலங்களிலும் ஒரே மதிப்புக்கு, அதாவது நீங்கள் அளந்த இருபது சொற்களின் நடு மதிப்புக்குக் கொண்டுவருவது நல்லது. பேச்சின் வேகம் மாறினால் நீளத்தின் பொருளும் மாறும். அசையின் நீளத்தை மாற்றினால் எல்லைக்கோடு நகர்வதை ஜோன் மில்லரும் லிபர்மனும் 1979-இல் ஆங்கில ஒலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

கேட்பவர்கள், ஹெட்போன்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்துப்பூர்வ ஒப்புதல், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் ஆகியவை வந்தபின்தான் முதல் ஆளை உட்காரவைக்கலாம். இரு காதுகளுக்கும் 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸில் 20 டெசிபெல் கேள்திறன் அளவில் சுத்தத்தொனிச் சோதனை செய்யுங்கள். சளி பிடித்திருப்பவரை வேறொரு நாள் வரச்சொல்லுங்கள். தாய்மொழி, வளர்ந்த ஊர், வீட்டில் பேசும் பிற மொழிகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளவேண்டும். மலையாளமோ இத்தாலியமோ போல மெய் நீளம் பொருளை மாற்றும் இன்னொரு மொழி தெரிந்தவரா என்பது முக்கியம். 'வாளப்பளம்' என்று சொல்பவரை ஒதுக்கத் தேவையில்லை, அவருக்கும் ஒற்றையும் இரட்டையும் வேறுதான். குறிப்பில் மட்டும் எழுதிவையுங்கள்.

காதை முழுதும் மூடும், கம்பி உள்ள ஹெட்போன்தான் வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன்கள் இடைவேளையில் உறங்கிவிட்டு அடுத்த ஒலியின் தலையை விழுங்கும்; அரை விநாடிகூட நீடிக்காத ஒரு சொல்லுக்கு அது பெரிய இழப்பு. ஒலி 65 முதல் 70 டெசிபெல் அளவில் காதுக்குப் போகட்டும். அதைச் செயற்கைக் காது இணைத்த ஒலிமானியால் அளக்கவேண்டும். பிராட்டில் எழுதிய 70 என்ற எண் கோப்புக்குள் இருக்கும் அளவு மட்டுமே, ஒலிக்குமிழைத் திருகினால் அதற்குப் பொருளில்லை.

இணையவழி என்றால் ஹெட்போன் போட்டிருக்கிறார்களா என்று சோதித்தே ஆகவேண்டும். 2017-இல் வுட்ஸ் குழுவினர் அமைத்த வழி எளியது. 200 ஹெர்ட்ஸ் தொனிகள் மூன்று; ஒன்று 6 டெசிபெல் மெலிந்தது, இன்னொன்று இடது வலது காதுகளில் நேரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி, ஒலிப்பது. எது மெலிந்தது என்று கேட்கவேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டால் எதிர்க்கட்டத் தொனி காற்றிலேயே ஓரளவு அழிந்து அதுவே மெலிந்ததாகத் தோன்றும். ஆறில் ஐந்தாவது சரியாகச் சொன்னவரை மட்டும் உள்ளே விடுங்கள்.

பிரித்தறியும் சோதனை முதலில்

பெயரிடும் சோதனையை முதலில் வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வைக்காதீர்கள். 'புளி, புள்ளி' என்ற பெயர்களைக் கொடுத்துவிட்டால் அடுத்த சோதனையிலும் கேட்பவர் பெயர் ஒட்டித்தான் கேட்பார்.

ஏபிஎக்ஸ் முறையில் மூன்று ஒலிகள் வரும்: முதல் இரண்டும் வேறு, மூன்றாவது அவற்றில் ஒன்று. எது என்று கேட்கவேண்டும். இரண்டு படி விலகிய இணைகளை எடுத்தால் (1–3, 2–4 என்று 7–9 வரை) 9 படிகளில் 7 இணைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசை நான்கு வகை, வகைக்கு 4 முறை: மொத்தம் 112 கேள்விகள். ஒரு தொடரை மட்டும் எடுத்தாலே ஏறக்குறைய 10 நிமிடம். நடுவில் ஓய்வு கொடுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 விழுக்காடு சரியாக வரும் என்பதை வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள்.

ஒலிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது முடிவையே மாற்றும். வெர்க்கரும் லோகனும் 1985-இல் 250, 500, 1,500 மில்லி விநாடி என மூன்று இடைவெளிகளில் சோதித்தார்கள். இடைவெளி குறைந்தால் காதில் இன்னும் தங்கியிருக்கும் ஒலியையே ஒப்பிட முடியும். நீண்டால் அது கலைந்து, மனம் கொடுத்த பெயர்தான் மிஞ்சும். நேரம் இருந்தால் 250-ம் 1,500-ம் இரண்டு குழுக்களுக்கு வையுங்கள்.

'ஒன்றா, வேறா' என்று மட்டும் கேட்கும் முறை விரைவானது. ஆனால் சந்தேகம் வந்தால் 'ஒன்று' என்று சொல்வோரே அதிகம் என்பதால் வெறும் சரி விழுக்காடு ஏமாற்றும். அங்கே டி-பிரைம் (பதில் சாய்வைக் கழித்து, பிரித்தறியும் திறனை மட்டும் காட்டும் அளவு) கணக்கிடுங்கள், அதுவும் 'ஒன்றா வேறா' முறைக்கென உள்ள சூத்திரத்தில்.

பெயரிடும் சோதனை

இரு தொடர்கள், 9 படிகள், 8 முறை: 144 கேள்விகள். 18 கோப்புகளும் ஒருமுறை வந்து முடிந்தபின்தான் அடுத்த சுற்று தொடங்கவேண்டும், சுற்றுக்குள் வரிசை குலுக்கலில் விழட்டும். முன்பயிற்சியாக முனை ஒலிகளில் பத்துக் கேள்விகள் போதும். இடப்பொத்தான் பாதிப்பேருக்குப் 'புளி', மீதிப்பேருக்குப் 'புள்ளி'. சைக்கோபை போன்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். பதில் நேரத்தைச் சொல்லின் முடிவிலிருந்து எண்ணுங்கள். தொடக்கத்திலிருந்து எண்ணினால் நீண்ட ஒலிகளுக்கு எல்லோரும் மெதுவாகப் பதில் சொன்னது போலத் தோன்றும், காரணம் ஒலி இன்னும் முடியாததுதான். முனை ஒலிகளிலேயே பத்தில் எட்டுக்குக் குறைவாகச் சரி சொல்பவரை நீக்குவது என்றால், அந்த வரம்பைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

கணக்கு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக லாஜிஸ்டிக் வளைகோடு (0-க்கும் 1-க்கும் இடையே எஸ் வடிவில் ஏறும் கோடு) பொருத்தவேண்டும். வெட்டு (இன்டர்செப்ட்) மைனஸ் 13.2, சரிவு (ஸ்லோப்) மில்லி விநாடிக்கு 0.11 என்று வந்தால் எல்லைக்கோடு 13.2-ஐ 0.11-ஆல் வகுத்தது, அதாவது 120 மில்லி விநாடி. கேட்பவர் தடுமாறும் பகுதியின் அகலம், 25 விழுக்காட்டிலிருந்து 75 வரை, 2.197-ஐ 0.11-ஆல் வகுத்தது: ஏறக்குறைய 20 மில்லி விநாடி.

எல்லோருடைய பதில்களையும் கூட்டிச் சராசரியில் ஒரே வளைகோடு வரையாதீர்கள். ஒருவருக்கு எல்லை 100-இல், இன்னொருவருக்கு 140-இல், இருவர் கோடும் செங்குத்து என்று வையுங்கள். சராசரிக் கோடு சாய்வாகப் படுத்திருக்கும். யாருடைய காதும் அப்படி வேலை செய்யவில்லை. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் கலப்பு மாதிரிகளில் (எல்லோர் தரவையும் ஒன்றாக எடுத்தும் ஆளுக்கு ஆள் வேறுபாட்டைத் தனியே கணக்கிடுபவை) எல்லைக்கும் சரிவுக்கும் ஆள்வாரியான மாறுபாட்டை அனுமதியுங்கள். கவனம் சிதறித் தவறாக அழுத்திய பதில்களுக்கும் மாதிரியில் ஒரு சிறு பங்கு விடவேண்டும். முனையில் நடந்த இரண்டு மூன்று கைத்தவறுகள் முழுச் சரிவையும் தட்டையாக்கிவிடும்.

பிரித்தறியும் சோதனையில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைப் பெயரிட்ட விழுக்காட்டிலிருந்தே கணிக்கலாம். இரு ஒலிகளுக்கும் 'புள்ளி' என்று சொன்ன விகிதங்களின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, பாதியாக்கி, 0.5-ஐக் கூட்டுங்கள். 4-ஆம் படிக்கு 0.2, 6-ஆம் படிக்கு 0.8 என்றால் வித்தியாசம் 0.6, வர்க்கம் 0.36, கணிப்பு 0.68. கிடைத்தது 0.68-ஐ ஒட்டியிருந்தால் கேட்பவர் பெயரை மட்டுமே ஒப்பிட்டிருக்கலாம். 0.8 வந்தால் பெயருக்கு அப்பாலும் ஒலி அவருக்குக் கேட்டிருக்கிறது. இப்படிக் கணிப்பை மிஞ்சும் மதிப்புகள் லிபர்மன் காலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன, அவற்றை ஒதுக்கித் தள்ளவேண்டாம்.

அளவுகோல்

இரண்டு பொத்தான்கள் எதை மறைக்கின்றன என்று பார்க்க ஒரு சிறு சோதனையைக் கடைசியாகச் சேர்க்கலாம். திரையில் ஒரு நீண்ட கோடு, இடமுனையில் 'புளி', வலமுனையில் 'புள்ளி'. கேட்டது எவ்வளவு புளி, எவ்வளவு புள்ளி என்பதற்கேற்பக் கோட்டில் எந்த இடத்திலும் தொடலாம். மேசாரோவும் கோஹனும் 1983-இல் இதுபோன்ற தொடர் மதிப்பீட்டைக் கையாண்டார்கள். 18 கோப்புகளும் ஐந்துமுறை வந்தால் போதும், 90 கேள்விகள். தொட்ட இடங்களை ஒவ்வொருவருக்கும் நிரல்பட்டை வரைபடமாகப் போடுங்கள். சிலருக்கு இருமுனைகளிலும் இரண்டு குவியல் எழும். சிலருக்கு 60-லிருந்து 180 வரை ளகரம் நீளநீளத் தொடும் இடமும் படிப்படியாக நகரும். சராசரியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு வகை ஆட்களையும் பிரிக்க முடியாது, குவியலின் வடிவத்தையே பார்க்கவேண்டும். பொத்தான் சோதனையில் ஒரே மாதிரி செங்குத்துக் கோடு கொடுத்த இருவர் இங்கே பிரிந்து நிற்கிறார்களா என்று ஒப்பிடுங்கள்.